காய்த்துக்கொண்டிருக்கும் கொய்யா மரத்தை இடம் மாற்றுவது

வேரூன்றிக் காய்த்துக்கொண்டிருக்கும் ஒரு பழமரத்தை இடம் மாற்ற வேண்டும் என்றால், எந்த வண்டி, எத்தனை ஆள், எவ்வளவு வாடகை என்று தூக்கும் நாளைப் பற்றித்தான் எல்லோரும் முதலில் பேசுகிறார்கள். ஆனால் மரம் பிழைக்குமா பிழைக்காதா என்பது, அந்த நாளுக்கு மூன்று நான்கு மாதங்களுக்கு முன்பே மண்ணுக்குள் நாம் என்ன செய்தோம் என்பதைப் பொறுத்து ஏறக்குறைய முடிவாகிவிடுகிறது. திண்டுக்கல்லில் எங்கள் வீட்டின் முன்புறம் நின்றிருந்த, பத்து வயதைத் தாண்டிய கொய்யா மரத்தைப் பின்கட்டுக்கு மாற்றினோம். அது புது இடத்தில் மறுபடியும் பூத்துக் காய்க்கத் தொடங்கியிருக்கிறது. வீடு கட்டவோ சுவர் எழுப்பவோ மரம் குறுக்கே நிற்கிறது என்று தவிக்கிறவர்களுக்குப் பயன்படும் என்பதால், செய்த வேலைகளையும் அவற்றுக்கான காரணங்களையும் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

முன்புறத்தில் ஓர் அறை சேர்த்துக் கட்டுவது என்று வீட்டில் முடிவானபோது, தூணுக்குத் தோண்ட வேண்டிய குழி மரத்தின் அடியிலிருந்து இரண்டடி தூரத்தில் விழுந்தது. வெட்டிவிட்டுப் புதுக்கன்று ஒன்றை வைத்துக்கொள்ளலாம் என்று மேஸ்திரி சொன்னார். கணக்காகப் பார்த்தால் அவர் சொன்னதில் தவறில்லை. கொய்யாப் பதியன் குறைந்த விலைக்கே கிடைக்கிறது. நட்ட இரண்டாம் அல்லது மூன்றாம் ஆண்டிலேயே காய்த்துவிடுகிறது. நோய் கண்ட மரமாகவோ, காய்ப்பு ஓய்ந்த மரமாகவோ இருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். எங்கள் மரம் இரண்டுமில்லை. அப்பத்தா பழனிக்கு அருகிலுள்ள ஆயக்குடியிலிருந்து கொண்டுவந்து தன் கையால் நட்ட பதியன் அது. எட்டு வயதுக்கு மேல்தான் கொய்யா முழுக் காய்ப்புக்கு வரும் என்பதால், நல்ல பருவத்தில் நின்ற மரமும்கூட. அதை வெட்ட வீட்டில் யாருக்கும் மனம் வரவில்லை.

மாற்றலாமா என்று முடிவெடுப்பதற்கு முன், அது எப்படி உருவான மரம் என்று தெரிந்துகொள்வது அவசியம். எங்களுடையது லக்னோ 49 ரகம். பெயரில் லக்னோ இருந்தாலும், 1927 இல் புனேயில் உள்ள கணேஷ்கிண்ட் பழ ஆராய்ச்சி நிலையத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட ரகம் இது. சர்தார் என்ற பெயரும் இதற்கு உண்டு. நம் ஊரில் இதைப் பெரும்பாலும் பதியம் போட்டே பெருக்குகிறார்கள். கிளையில் பட்டையை வளையமாக உரித்து, ஈரப்பாசியோ நார்க்கழிவோ வைத்துக் கட்டி, அங்கே வேர் விட்டதும் வெட்டி நடுகிற முறை அது. விதையிலிருந்து முளைக்காத அந்தக் கன்றுக்கு ஆணிவேர் கிடையாது. பக்கவேர்களும் சல்லிவேர்களும் மட்டுமே உண்டு, அவற்றிலும் பெரும்பகுதி மேல்மண்ணின் இரண்டடிக்குள்ளேயே பரவியிருக்கும். பலத்த காற்றில் பதியன் மரம் சாய்ந்துவிடுவதற்குக் காரணமான இந்தக் குணம்தான், இடம் மாற்றும்போது நமக்குச் சாதகமாகிறது. ஆழத்தில் ஓடும் ஒற்றை வேரை அறுக்க வேண்டிய நெருக்கடி இல்லை.

எல்லாப் பழமரத்துக்கும் இந்த வசதி இல்லை. ஒட்டு மாங்கன்று என்றாலும் அதன் அடிப்பகுதி விதையிலிருந்து முளைத்த நாட்டுமா என்பதால் ஆணிவேர் ஆழமாக இறங்கியிருக்கும். வளர்ந்த மாமரத்தை மாற்றுவதற்கு முன்கூட்டியே செய்யும் வேர் வேலையும் கூடுதல், பிழைக்கும் வாய்ப்பும் குறைவு. பலாவை வளர்ந்த பிறகு தொடாமல் இருப்பதே நல்லது. மாதுளையும் எலுமிச்சையும் ஓரளவு தாங்கும். தென்னைக்கு ஆணிவேரே இல்லாததால் நன்றாக வளர்ந்த மரத்தையும் பெயர்த்து நடுகிறார்கள்.

ஆயக்குடியில் கொய்யாத் தோப்பு வைத்திருக்கும் பெரியப்பாவிடம்தான் முதலில் கேட்டோம். வந்தவர் மரத்தை அண்ணாந்துகூடப் பார்க்காமல், கிளை விரிவின் விளிம்புக்குக் கீழே ஓரிடத்தில் மண்ணைக் கிளறி, சுண்டுவிரல் தடிமனுள்ள வேர் ஒன்றை வெளியே எடுத்தார். “வேர்ல முடிச்சு இருந்தா இந்த வேலையே வேண்டாம்மா, புது இடத்துக்கும் நோயைக் கொண்டுபோய்ச் சேர்ப்போம்” என்றார். எங்கள் மாவட்டக் கொய்யாத் தோப்புகளை வேர்முடிச்சு நூற்புழு மிகவும் வாட்டியிருக்கிறது. சல்லிவேர்களில் மணிமணியாக வீக்கம் தெரிந்தால் அதுதான் அடையாளம். அத்துடன், ஒருபக்கக் கிளைகளின் இலைகள் மட்டும் காரணமில்லாமல் பழுத்து வதங்குகின்றனவா என்று பார்க்க வேண்டும். அது வாடல் நோயாக இருக்கலாம். வேரில் ஏற்படும் காயங்கள் வழியாகவே அந்தப் பூஞ்சணம் உள்ளே நுழைகிறது என்பதால், அப்படிப்பட்ட மரத்தின் வேரை அறுப்பது நோய்க்குக் கதவைத் திறந்துவிடுவதாகும். எங்கள் மரத்தின் வேர் வழவழப்பாக, பழுப்பு நிறத்தில், நுனிகள் வெளுத்துச் சுத்தமாக இருந்தது. அதன் பிறகே மற்ற பேச்சு நடந்தது.

எவ்வளவு பெரிய மண்கட்டியோடு எடுப்பது என்பது அடுத்த கேள்வி. தண்டின் குறுக்களவைப் போலப் பத்து முதல் பன்னிரண்டு மடங்கு அகலமுள்ள மண்கட்டி வேண்டும் என்பது மரம் பெயர்ப்பவர்கள் கடைப்பிடிக்கும் பொதுவான கணக்கு. எங்கள் மரத்தின் தண்டு, தரையிலிருந்து அரையடி உயரத்தில் 4 அங்குலக் குறுக்களவு இருந்தது. எனவே 40 முதல் 48 அங்குலம் வரை தேவை. இடவசதியைப் பார்த்து மூன்றரை அடி அகலம், இரண்டடி ஆழம் என்று வைத்துக்கொண்டோம். கேட்கச் சிறியதாகத் தோன்றும் இந்த அளவுள்ள ஈரமண் முக்கால் டன் எடைக்கு வரும். நான்கு ஆட்கள் சேர்ந்து தூக்கிவிடலாம் என்ற எண்ணத்தோடு தொடங்குகிறவர்கள்தான், கடைசியில் தூக்க முடியாமல் மண்ணை உதறி, வெறும் வேரோடு மரத்தை இழுத்துக்கொண்டு போகிறார்கள். இலை தழைத்து நிற்கும் மரம் அதைப் பொறுக்காது.

மூன்றரை அடி மண்கட்டி எடுத்தாலும், மரத்தின் வேர்த்தொகுதியில் பெரும்பங்கு வெளியே மண்ணிலேயே தங்கிவிடுகிறது என்பதுதான் இந்த வேலையின் அடிப்படையான சிக்கல். வேர்கள் கிளை விரிவைத் தாண்டியும் ஓடுகின்றன. நீரை உறிஞ்சுகிற மெல்லிய வேர்களோ தண்டுக்கு அருகில் குறைவாகவும் தூரத்தில் அதிகமாகவும் இருக்கின்றன. ஒரே நாளில் சுற்றி வெட்டித் தூக்கினால், நீர் குடிக்கும் பகுதியை விட்டுவிட்டு, மரத்தைத் தாங்கி நிற்கும் தடித்த வேர்களை மட்டுமே நம்மோடு எடுத்துப் போகிறோம். இலைகளோ முன்பு போலவே நீரை வெளியேற்றிக்கொண்டிருக்கும். அதனால்தான் பெயர்த்து நட்ட மரம், நாம் ஊற்றும் தண்ணீருக்கு நடுவிலேயே தாகத்தால் சாகிறது.

இதற்கு வழி, மண்கட்டிக்கு உள்ளேயே புதிய சல்லிவேர்களை முன்கூட்டி வளர்த்துக்கொள்வது. வேர் ஒன்றைச் சுத்தமாக அறுத்தால், அறுபட்ட முனைக்குச் சற்றுப் பின்னாலிருந்து கொத்தாகப் புதுவேர்கள் கிளம்பும். மண்கட்டியின் விளிம்பில் வட்டமாகக் குழி எடுத்து வேர்களை அறுத்து, அந்தக் குழியில் பொலபொலப்பான கலவையை நிரப்பி, புதுவேர் விடுவதற்கு அவகாசம் கொடுத்துவிட்டால், தூக்கும்போது அந்த வேர்களும் மரத்தோடு வந்துவிடும். முழு வட்டத்தையும் ஒரே தடவையில் அறுப்பது கூடாது. பாதி வட்டத்தை முதலில் அறுத்து, மறுபாதி வேர்கள் மரத்துக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே இந்தப் பக்கம் துளிர்க்கவிட்டு, சில வாரங்கள் கழித்து மறுபாதியை அறுக்க வேண்டும்.

எந்த மாதத்தில் தொடங்குவது என்பதில் பெரியப்பா பிடிவாதமாக இருந்தார். கட்டுமானத்தைத் தை பிறந்த பிறகே தொடங்குவது என்று ஏற்கனவே முடிவாகியிருந்தது. மார்கழியில் யாரும் பூமி பூஜை போடப் போவதில்லை. எனவே கார்த்திகைக் கடைசி வரை நேரம் இருந்தது. ஆடியிலேயே தொடங்கிவிடலாம் என்று அப்பா சொன்னபோது பெரியப்பா மறுத்தார். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து பழனி, ஒட்டன்சத்திரம் பக்கம் அடிக்கிற ஆடிக் காற்று எங்கள் பகுதியிலும் குறைவாக வீசுவதில்லை. பாதி வேர் அறுபட்டு நிற்கும் பதியன் மரத்தை அது சாய்த்துவிடும். காற்று தணிந்த ஆவணியில் முதல் பாதி, புரட்டாசிக் கடைசியில் இரண்டாவது பாதி, ஐப்பசி முழுவதும் மழைநீரில் வேர் விட்டு, மழை ஓய்ந்து குளிர் தொடங்குகிற கார்த்திகைக் கடைசியில் தூக்குவது என்று அவர் வகுத்துக் கொடுத்தார். வடகிழக்குப் பருவமழையை நம்பியிருக்கும் மாவட்டங்களுக்கு இதைவிடப் பொருத்தமான கால அட்டவணை எனக்குத் தோன்றவில்லை. மாசிக்குப் பிறகு கோடை முடியும் வரை இந்த வேலையை நினைக்கவே கூடாது.

ஆவணியில் தண்டிலிருந்து ஒன்றேமுக்கால் அடி தூரத்தில் கயிறு கட்டி வட்டம் போட்டு, வீட்டுச் சுவரை ஒட்டிய பாதி வட்டத்தில் ஒரு சாண் அகலத்தில் இரண்டடி ஆழத்துக்குக் குழி எடுத்தோம். கடப்பாரையும் மண்வெட்டியும் மண்ணைத் தோண்டுவதற்கு மட்டும்தான். பென்சில் தடிமனுக்கு மேலுள்ள ஒவ்வொரு வேரையும், கிளை வெட்டப் பயன்படும் கவாத்துக் கத்தரியாலோ சிறு ரம்பத்தாலோ நேராக அறுத்தோம். மண்வெட்டி பட்டு நார்நாராகப் பிய்ந்த வேர் அழுகும், சுத்தமாக அறுபட்ட வேர் துளிர்க்கும் என்பதால் இந்த இடத்தில் பொறுமை மிகவும் முக்கியம். தோண்டிய மண்ணோடு மட்கிய தொழு உரமும், நன்கு கழுவிய தென்னை நார்க்கழிவும், டிரைக்கோடெர்மா விரிடி கலந்த எருவும் சேர்த்துக் குழியை நிரப்பித் தண்ணீர் விட்டோம். டிரைக்கோடெர்மா நன்மை செய்யும் பூஞ்சணம். வேர்க் காயங்களில் கெட்ட பூஞ்சணங்கள் இடம் பிடிக்காமல் தடுக்கும் என்பதற்காக வேளாண் துறையினர் இதைப் பரிந்துரைக்கிறார்கள்.

அதே நாளில் மரத்தில் இருந்த பிஞ்சுகளையும் பூக்களையும் முழுவதுமாகப் பறித்துவிட்டோம். அம்மாவுக்கு அது வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் இலை தயாரிக்கும் உணவைக் காயும் கேட்கும், வேரும் கேட்கும். அந்தப் பருவத்தில் அது முழுக்க வேருக்குப் போக வேண்டும்.

இந்தக் கட்டத்தில் கிளைகளை வெட்டுவதா வேண்டாமா என்பதில் இரண்டு கருத்துகள் உண்டு. வேரைக் குறைத்தால் அதே அளவுக்குத் தலையையும் குறைக்க வேண்டும் என்பது நெடுநாளாகச் சொல்லப்பட்டு வரும் வழக்கம். பாதிக் கிளைகளை மொட்டையடித்துவிட்டு மரத்தைத் தூக்குவதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். நான் அதை ஏற்கவில்லை. புதுவேர் விடத் தேவையான மாவுப்பொருளை இலைதான் தயாரிக்கிறது; கிளை நுனியின் மொட்டுகளிலிருந்து கீழே இறங்கும் வளர்ச்சி ஊக்கிதான் வேர் துளிர்க்கத் தூண்டுகிறது. நுனிகளையெல்லாம் வெட்டிய மரம், தன் சேமிப்பைச் செலவழித்து முதலில் கிளைகளைத்தான் விடும், வேரை அல்ல. போதிய தண்ணீர் கொடுக்க முடிகிற இடத்தில் தலையை மொட்டையடிப்பதால் எந்த நன்மையும் இல்லை என்பதே அண்மைக்கால ஆய்வுகளின் பொதுவான போக்கு. அதேநேரம், எங்கள் ஊர் வெயிலில் ஒரு கிளையையும் தொடாமல் விடுவதும் சரியில்லை. ஆகவே வேர் அறுத்த மாதங்களில் கிளைகளைத் தொடாமல் விட்டு, தூக்குவதற்கு முந்தைய நாள் மட்டும் ஏறத்தாழக் கால்பங்கு கிளைகளைக் களைந்தோம். பட்டவை, ஒன்றையொன்று உரசுபவை, உள்நோக்கி வளர்ந்தவை, செங்குத்தாக எழும் நீர்ப்போத்துகள், அடியிலிருந்து கிளம்பிய வேர்க்கன்றுகள் ஆகியவற்றை அவை தொடங்கும் இடத்திலேயே எடுத்தோம். எஞ்சிய கிளைகளின் நுனிகளை வெட்டவில்லை.

புரட்டாசியில் கொய்யாவுக்கு வழக்கமாகக் கவாத்து செய்யும் பருவம் வந்தபோதும் நாங்கள் செய்யாமல் விட்டதற்குக் காரணம் இதுதான். இடம் மாற்றுவதற்காகச் செய்யும் களைதல் வேறு, காய்ப்புக்காகச் செய்யும் கவாத்து வேறு. முன்னது மரம் பிழைக்க. பின்னது வேர் பிடித்த மரத்தை வேலை வாங்க. இரண்டையும் ஒரே நாளில் முடித்துவிட நினைக்கும் அவசரம், வேலைக்கு ஆள் கிடைப்பது அரிதாகிவிட்ட இந்தக் காலத்தில் புரிந்துகொள்ளக்கூடியதுதான் என்றாலும், மரத்துக்கு அது நல்லதில்லை.

புதுக்குழியை ஐப்பசியிலேயே எடுத்து வைத்தோம். மண்கட்டியைப் போல இருமடங்கு அகலம் இருக்கலாம். ஆழம் மட்டும் மண்கட்டியின் உயரத்தைவிட ஓர் அங்குலம்கூட அதிகமாக இருக்கக் கூடாது. ஆழமாகத் தோண்டி எருவும் மணலும் போட்டு மேடாக்கினால், முக்கால் டன் எடை உட்கார்ந்ததும் அது அமுங்கி, மரத்தின் கழுத்து மண்ணுக்குள் புதைந்துவிடும். தண்டு அகன்று வேராக மாறுகிற அந்தக் கழுத்துப் பகுதி எப்போதும் வெளியே தெரிய வேண்டும். புதைந்தால் பட்டை அழுகும். குழியில் தண்ணீர் நிரப்பி எவ்வளவு நேரத்தில் வடிகிறது என்றும் பார்த்தோம். மறுநாளும் தேங்கியிருந்தால் அந்த இடம் கொய்யாவுக்கு ஆகாது. எங்கள் பின்கட்டு செம்மண் என்பதால் மாலைக்குள் வடிந்துவிட்டது.

மரம் இத்தனை காலம் எந்தப் பக்கம் வெயிலைப் பார்த்து நின்றதோ அதே பக்கத்தைப் புது இடத்திலும் காட்ட வேண்டும் என்பதற்காகத் தண்டின் வடக்குப் பக்கத்தில் சுண்ணாம்பால் ஓர் அடையாளம் வைத்தோம். நிழலில் இருந்த பட்டை திடீரென்று மேற்கு வெயிலுக்குத் திரும்பினால் வெந்து வெடிக்கும். தூக்குவதற்கு முந்தைய நாள் மண்கட்டிக்கு நன்றாகத் தண்ணீர் விட்டு வடியவிட்டோம். செம்மண் காய்ந்திருந்தால் உதிரும், சேறாக இருந்தால் சரியும். பிடித்தால் உருண்டையாக நிற்கும் ஈரம்தான் தேவை.

தூக்கும் நாளன்று, நிரப்பி வைத்த குழிக்கு வெளிப்பக்கமாகவே தோண்டினோம். உள்ளே விட்டிருந்த புதுவேர்கள் அறுபடாமல் இருக்க வேண்டுமே. மண்ணை ஒதுக்கியபோது, நார்க்கழிவுக் கலவைக்குள் வெள்ளைவெளேரென்று சல்லிவேர்கள் பின்னிக் கிடந்தன. ஆவணியில் அறுத்த பக்கத்தில் அடர்த்தியாகவும், புரட்டாசியில் அறுத்த பக்கத்தில் சற்றுக் குறைவாகவும் இருந்தன. மண்கட்டியைச் சுற்றி ஈரச் சாக்கைச் சுற்றி, அதன்மேல் தேங்காய் நார்க் கயிற்றைக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக் கட்டினோம். அதன் பிறகுதான் அடிப்பக்கத்தைக் குடைந்து, கீழே போன சில வேர்களை அறுத்து, நைலான் பட்டைகளை அடியில் நுழைத்து ஜேசிபியின் கையில் மாட்டினோம். தண்டில் நைலான் பட்டையைப் போட்டுத் தூக்குவதற்கு ஓட்டுநர் முனைந்தபோது பெரியப்பா தடுத்துவிட்டார். முக்கால் டன் எடையும் தண்டில் தொங்கினால் மரப்பட்டை உரிந்துவிடும். தண்டைச் சுற்றி வட்டமாக மரப்பட்டை உரிந்துவிட்டால் மரம் கதை முடிந்தது. தண்டைக் கயிற்றால் பிடித்திருந்தது சாயாமல் நிறுத்துவதற்கு மட்டும்தான்.

குழியில் இறக்கி, வடக்கு அடையாளத்தைச் சரிபார்த்து, கழுத்து தரைமட்டத்துக்கு ஒரு விரல் மேலே நிற்பதை உறுதி செய்துகொண்டு, மேற்புறச் சாக்கையும் கயிற்றையும் வெட்டி எடுத்துவிட்டோம். குழியைச் சுற்றித் தோண்டிய அதே மண்ணைத்தான் பெரும்பாலும் நிரப்பினோம். உரம் நிறைந்த மண்ணை மட்டும் குழிக்குள் நிரப்பினால் வேர் அந்தக் குழிக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும், வெளிமண்ணைத் தேடிப் போகாது. காலால் மிதித்து இறுக்காமல், தண்ணீர் விட்டே மண்ணை அமரவைத்தோம். மூன்று திசைகளில் முளையடித்து, தண்டோடு உரசும் இடத்தில் பழைய சைக்கிள் டியூபை மாட்டிக் கயிற்றை இழுத்துக் கட்டினோம். மரம் துளி ஆடினால் போதும், மண்கட்டிக்கும் வெளிமண்ணுக்கும் இடையில் நீளும் மெல்லிய வேர்கள் தினமும் அறுந்துகொண்டே இருக்கும்.

தண்ணீர் விடுவதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. வேர்கள் முதல் சில மாதங்கள் பழைய மண்கட்டிக்குள்ளேயே இருப்பதால், சுற்றியுள்ள மண் ஈரமாக இருக்கும்போதே மண்கட்டி மட்டும் உலர்ந்துபோகிறது. எனவே பாத்தியை அகலமாகக் கட்டி ஓரத்தில் நீர் விட்டால் பயனில்லை. தண்டைச் சுற்றி மண்கட்டியின் மேலேயே விட வேண்டும். முதல் இரண்டு வாரம் தினமும் மூன்று குடம், பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் என்று கொடுத்தோம். ஒவ்வொரு முறையும் ஊற்றுவதற்கு முன், மண்கட்டிக்குள் விரலை விட்டுப் பார்த்தோம். ஈரம் இருந்தால் அன்று தண்ணீர் இல்லை. மூச்சு விட முடியாத வேரும் அழுகித்தான் போகும்.

மார்கழியில் இலைகள் மஞ்சளாகி, ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு உதிர்ந்தது. பார்க்கிறவர்கள் எல்லோரும் மரம் போய்விட்டது என்றார்கள். இலை பழுத்துக் காம்போடு உதிர்ந்தால், மரம் தானே முடிவெடுத்துத் தன் நீர்ச்செலவைக் குறைத்துக்கொள்கிறது என்று பொருள். இலை பச்சையாகவே சுருண்டு கருகிக் கிளையிலேயே தொங்கினால்தான் கவலைப்பட வேண்டும். சந்தேகம் வந்தால் சிறு கிளையின் பட்டையை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். அடியில் பசுமை இருக்கும் வரை நம்பிக்கை உண்டு. பயந்துபோய் யூரியா போடுகிறவர்கள் இந்தச் சமயத்தில்தான் மரத்தைக் கெடுக்கிறார்கள். உறிஞ்ச வேர் இல்லாத மரத்துக்கு உரம் உப்பாகச் சேர்ந்து, இருக்கும் ஈரத்தையும் எடுக்கவிடாமல் செய்யும். புதுத்தளிர் விட்டு இலை முற்றும் வரை நாங்கள் எந்த உரமும் போடவில்லை.

மாசியில் தளிர் வந்தது. அத்துடன் வேலை முடிந்துவிட்டதாக நினைப்பதும் ஆபத்து. அந்த முதல் தளிர், பெரும்பாலும் மரத்தின் சேமிப்பிலிருந்து வருவது. வேர் பிடித்துவிட்டது என்பதற்கு அது சான்று ஆகாது. தண்டின் குறுக்களவில் ஒவ்வொரு அங்குலத்துக்கும் வெப்பநாடுகளில் மூன்று முதல் ஆறு மாதம் வரை ஆகும் என்பது வேர்த்தொகுதி ஓரளவு மீள்வதற்கான பொதுக் கணக்கு. அப்படியானால் எங்கள் மரத்துக்கு ஓராண்டுக்குக் குறையாது. அந்தக் கோடை முழுவதும் மேற்குப் பக்கம் பச்சை நிழல்வலை கட்டினோம், தண்டிலும் வெயில்படும் தடித்த கிளைகளிலும் சுண்ணாம்பு பூசினோம், அடியில் காய்ந்த இலைதழைகளால் மூடாக்கு போட்டோம். மூடாக்கைத் தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளியே போட வேண்டும். ஒட்டிப் போட்டால் பட்டை ஈரத்தில் ஊறும். எங்கள் செம்மண்ணில் கரையானும் நேராகத் தண்டில் ஏறிவிடும். கட்டிய முளைகளை அடுத்த ஆடிக் காற்று ஓயும் வரை எடுக்கவில்லை. ஆவணியில் கயிற்றைத் தளர்த்தித் தண்டைக் கையால் அசைத்தபோது, மண் பிளக்காமல் மரம் மட்டும் வளைந்து கொடுத்தது. வேர் பிடித்துவிட்டது என்று அதன் பிறகுதான் நம்பினோம்.

அந்தப் புரட்டாசியில்தான் காய்ப்புக்கான கவாத்தைச் செய்தோம். கொய்யாவில் பூ, புதிதாக விடும் தளிரின் இலைக்கக்கங்களில், அதாவது இலைக்காம்பு தளிரோடு சேரும் இடங்களில், வருகிறது. பழைய கட்டைகளில் வருவதில்லை. ஆகவே புதுத்தளிர் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு காய். செப்டம்பர்–அக்டோபரிலும், பிப்ரவரி–மார்ச்சிலும், சென்ற பருவத்தில் வளர்ந்த கிளைகளின் நுனியில் 10 முதல் 15 சென்டிமீட்டர் வரை வெட்டிவிட வேண்டும் என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. மாமரம் இதற்கு நேர்மாறானது. முற்றிய பழைய நுனிகளில்தான் அது பூக்கும் என்பதால், அறுவடை முடிந்த கையோடு கவாத்து செய்து, அடுத்த பூப்புக்குள் தளிர் முற்றுவதற்கு அவகாசம் கொடுக்க வேண்டும். புரட்டாசியில் கொய்யாவை வெட்டியது போலவே, பூவெடுக்கத் தயாராகும் மார்கழியில் மாவையும் வெட்டுகிறவர்கள் அந்த ஆண்டு மாங்காயை இழக்கிறார்கள்.

வெட்டும் முறையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் பழமரங்கள் அதிகம் கெடுவது இங்கேதான். அரிவாளால் கிளையைக் கொத்தினால் கட்டை பிளக்கும், பட்டை கீழ்நோக்கி உரியும், அந்தப் பிளவில் மழைநீர் தங்கும். சிறு கிளைக்குக் கவாத்துக் கத்தரி, பெருவிரலுக்கு மேல் தடித்ததற்கு ரம்பம் என்று வைத்துக்கொள்வது நல்லது. கனமான கிளையை மூன்று வெட்டாக எடுக்க வேண்டும்: வெட்டப்போகும் இடத்திலிருந்து ஓர் அடி தள்ளி, முதலில் அடிப்பக்கமிருந்து மூன்றில் ஒரு பங்கு ஆழத்துக்கு ஒரு வெட்டு, அதற்குச் சற்று வெளியே மேலிருந்து இரண்டாவது வெட்டு, அதில் கிளை விழுந்துவிடும், எஞ்சிய கட்டையை மூன்றாவது வெட்டில் எடுக்கலாம். கிளை தண்டோடு சேரும் இடத்தில் வளையமாகப் புடைத்துத் தெரியும் கழுத்துக்கு வெளியேதான் அந்தக் கடைசி வெட்டு விழ வேண்டும். தண்டோடு ஒட்ட வழித்து வெட்டுவதுதான் சுத்தம் என்ற பழைய எண்ணத்தை மாற்றியவர், அமெரிக்க வனத்துறையில் பணியாற்றிய அலெக்ஸ் ஷைகோ. ஏராளமான மரங்களைப் பிளந்து ஆராய்ந்த அவர், மரம் காயத்தை ஆற்றுவதில்லை, அதைச் சுற்றித் தடுப்பு எழுப்பி மூடி விடுகிறது என்றும், அந்தத் தடுப்பை எழுப்பும் திசுக்கள் கிளைக் கழுத்தில்தான் இருக்கின்றன என்றும் காட்டினார். கழுத்தை வெட்டி எறிந்தால் தடுப்பும் போய்விடும். கழுத்துக்கு வெளியே நீளமான முளையாக விட்டாலும் அது காய்ந்து உள்ளே அழுகலைக் கொண்டுபோகும்.

வெட்டுவாயில் தார் பூசுவதில் பயனில்லை. சிறிய வெட்டுகளுக்கு ஒன்றுமே தேவையில்லை. பெரிய வெட்டுகளுக்கு எங்கள் பக்கத் தோப்புகளில் போர்டோ பசை என்ற பூஞ்சணக்கொல்லியைத் தடவுகிறார்கள். மழைமாதத்தில் பூஞ்சணம் ஏறும் வாய்ப்பு அதிகம் என்பதால் அதை நானும் கடைப்பிடிக்கிறேன். மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 1 கிலோ, நீற்றுச் சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணீர் 10 லிட்டர் என்பது தோப்புக்கான அளவு. வீட்டு மரத்துக்கு 100 கிராம், 100 கிராம், 1 லிட்டர் போதும். இரண்டையும் தனித்தனியாகக் கரைத்த பிறகே கலக்க வேண்டும், இரும்புப் பாத்திரத்தில் கலக்கக் கூடாது, அன்றன்றைக்குக் கலந்ததை அன்றே தடவிவிட வேண்டும். கலவையில் இரும்புக் கத்தியை நனைத்துப் பார்த்தால், செம்பு நிறம் படியாமல் இருக்க வேண்டும். படிந்தால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு சேர்க்கலாம்.

நுனிகளை வெட்டியதோடு, நேர்குத்தாக எழுந்த இரண்டு நீண்ட கிளைகளை வெட்டாமல், கயிறு கட்டிப் பக்கவாட்டில் வளைத்து முளையில் கட்டினோம். வளைத்த கிளையின் மேற்புறத்தில் உறங்கிக் கிடக்கும் மொட்டுகள் வரிசையாகத் துளிர்த்துப் பூக்கும். வெட்டினால் இழந்திருக்கக்கூடிய கட்டையும் கைக்கு எட்டும் உயரத்துக்கு வந்துவிடும். இடம் மாறிய மரத்துக்கு இந்த முறை மிகவும் பொருத்தமானது என்பது என் கருத்து, ஏனென்றால் இலைப்பரப்பைக் குறைக்காமலேயே காய்ப்பைக் கூட்ட முடிகிறது. முதிர்ந்து காய்ப்பு நின்றுபோன கொய்யாக்களைத் தரையிலிருந்து 75 சென்டிமீட்டர் உயரத்தில் முழுவதுமாக வெட்டிப் புதுப்பிக்கும் முறையும் உண்டு. ஆனால் அது வேர்த்தொகுதி முழுமையாக உள்ள மரத்துக்கே. பெயர்த்து நட்ட மரத்தில் அதை முயலவே கூடாது.

அந்தக் கவாத்துக்குப் பிறகு வந்த பூக்களில் பாதிக்கு மேல் உதிர்த்துவிட்டோம். எஞ்சியவை கோடைக்கு முன்பே பழமாகின. உருவத்தில் சிறியவையாக இருந்தாலும் சுவையில் குறையில்லை. இந்த மாசியில் இரண்டாவது கவாத்து முடிந்து, மரத்துக்கு மட்கிய தொழு உரமும் வேப்பம் புண்ணாக்கும் போட்டிருக்கிறோம். வளைத்துக் கட்டிய கிளைகளில் இப்போது பூ அடர்த்தியாக இருக்கிறது. பிஞ்சு பிடித்த பிறகு ஒரு கொத்துக்கு ஒன்று என்று விட்டு மற்றவற்றைக் கிள்ளிவிட வேண்டும், அந்தக் கிளைகளுக்கு அடுத்த ஆடிக்குள் முட்டுக்கொடுக்கவும் வேண்டும்.